முடிச்சு மொழியில் விழ வேண்டும்

மொழி விளையாட்டு நடத்த ஆசைப்பட்டு வருகிற இளம் ஆசிரியர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் ஆட்டத்தில் பிள்ளை எதனால் தோற்கிறது? ஓட்டத்தில் பின்தங்கித் தோற்றால் அது ஓட்டப் பந்தயம். கட்டை சரியாக விழாமல் தோற்றால் அது தாயம். ஓர் எழுத்தையோ சொல்லையோ வாக்கியத்தையோ தவறவிட்டுத் தோற்றால்தான் அது தமிழ் வகுப்புக்குரிய ஆட்டம். முடிச்சு மொழியில் விழ வேண்டும். மற்ற இடத்தில் விழுந்தால் பிள்ளைகள் சந்தோஷமாக விளையாடுவார்கள், தமிழ் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும்.

எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த பி.எட். மாணவி ஒருத்தி முற்றத்தில் பாண்டி வரைந்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதி வைத்தாள். பிள்ளைகள் சில்லை எறிந்து, நொண்டியடித்து, கும்மாளம் போட்டார்கள். எழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கட்டத்தில் பூ வரைந்திருந்தாலும் அதே ஆட்டம்தான் நடந்திருக்கும். மறுநாள் ஒரே ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னேன். சில்லு விழுந்த கட்டத்துக்கு வந்ததும், அங்கே உள்ள எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லைச் சொன்ன பிறகே குனிந்து சில்லை எடுக்கலாம். அதுவரை தூக்கிய கால் தூக்கியபடியே இருக்க வேண்டும். ஒருவர் சொன்ன சொல்லை அடுத்தவர் சொல்லக் கூடாது. ஒற்றைக்காலில் நிற்கிற பிள்ளைக்குச் சொல் சீக்கிரம் வந்தாக வேண்டும். வரிசையில் நின்றவர்கள் தங்கள் முறை வருவதற்கு முன்பே வாய்க்குள் சொற்களைச் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். காத்திருக்கிற பிள்ளையின் உதடு அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் முடிச்சு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

நான் வேலை பார்ப்பது உத்தமபாளையம் வட்டாரத்தில், ஒரு நடுநிலைப் பள்ளியில். எங்கள் பிள்ளைகள் பலருடைய அம்மாக்கள் விடியுமுன்னே ஜீப் ஏறிவிடுவார்கள். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது திரும்புகிறவர்கள். ‘மலைக்குப் போயிருக்காங்க’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும் பிள்ளை, தானே எழுந்து, தானே தலை சீவி, தம்பியையும் கிளப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். எழுந்ததிலிருந்து ஒருவரிடமும் அது முழு வாக்கியம் பேசியிருக்காது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகளும் உண்டு. முதல் பாடவேளையில் நான் ஆட்டத்தோடு தொடங்குவது இதனால்தான். வாய் திறந்த பிறகுதான் புத்தகம் திறக்க வேண்டும்.

இந்த வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் நான் முதலில் சேர்ந்த பள்ளியின் மூத்த தமிழாசிரியர். ஐயா என்போம். அவருடைய மேசை இழுப்பறையில் பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கும். தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’. பாவாணர் சொல்லாராய்ச்சிக்காகப் பேசப்படுகிறவர். ஆனால் ஐயாவுக்கு அவர் பல ஆண்டுகள் பள்ளிகளில் நின்று பாடம் சொன்ன தமிழாசிரியர், அவ்வளவுதான். பிள்ளைகளின் ஆட்டங்களைப் பகலாட்டு, இரவாட்டு என்று பிரித்து, ஆண்பிள்ளைகள் ஆடுவது, பெண்பிள்ளைகள் ஆடுவது, இருவரும் சேர்ந்து ஆடுவது என்று அடுக்கி, எப்படி ஆட வேண்டும் என்பதை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஐயா அதன் ஓரங்களில் பென்சிலால் குறித்திருப்பார்: இந்த இடத்தில் பேச்சு உண்டு, இங்கே பேச்சே இல்லை. பேச்சில்லாத இடத்தில் எப்படிப் பேச்சை நுழைப்பது என்பதுதான் அவருடைய ஆயுட்கால வேலையாக இருந்தது.

அவரிடம் பார்த்துக் கற்க வேண்டியது கை. கேள்வி கேட்டுவிட்டுச் சாக்பீஸை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே நிற்பார். கேள்வியை இரண்டாம் முறை சொல்ல மாட்டார், குறிப்பும் கொடுக்க மாட்டார். வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நாம்தான் விடையை உளறிவிடுவோம். சாக்பீஸ் உருளும் நேரம் முழுவதும் பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இன்னொன்று, பிள்ளைகள் ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஐயா’ என்று கெஞ்சும்போதே நிறுத்திவிடுவார். சலித்த பிறகு நிறுத்தினால் மறுநாள் அந்த ஆட்டத்தைத் திறக்க முடியாது என்பார். பரிசு கொடுத்து நான் பார்த்ததில்லை. பென்சிலும் மிட்டாயும் கொடுத்தால் பிள்ளையின் கண் அதிலேயே போய்விடும், சொல் கைநழுவும்.

சொல் தொடர் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். ஆடிப் பார்த்தவர்களுக்கு இது நின்று போகும் இடமும் தெரியும். கம்பம் என்றால் கடைசியில் ம். புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. போடி என்றால் டி. டகரத்திலும் தொடங்காது. இரண்டு சுற்றுக்குள் வகுப்பு சண்டையாகிவிடும், ஆசிரியர் கைதட்டி உட்கார வைத்துவிடுவார். ஐயா அந்தச் சண்டையைப் பாடமாக மாற்றினார். அவர் வைத்த விதிகள் இரண்டு. கடைசி எழுத்து புள்ளி எழுத்தானால் ஓர் எழுத்து பின்னால் போ. வந்த எழுத்து சொல்லுக்கு முதலில் நிற்காததானால் அதை உடைத்து, அதற்குள் இருக்கும் உயிரை எடு.

இனி ஆடிப் பாருங்கள். கம்பம்: ம்-ஐ விட்டுப் பின்னால் போனால் ப. பல்லவராயன்பட்டி என்கிறாள் ஒருத்தி. டி நிற்காது, உடைத்தால் இ. இடுக்கி. கி நிற்கும். கிணறு. று நிற்காது, உடைத்தால் உ. உத்தமபாளையம். பின்னால் போனால் ய. இங்கே எல்லா வகுப்பும் திணறும். யானை என்று கத்துவார்கள், அது யா. அகரம் ஏறிய ய வேண்டும். ஒரு முறை பின்வரிசைப் பையன் ஒருவன், சமூக அறிவியல் புத்தகத்தில் படித்த ‘யவனர்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து போட்டான். அன்றிலிருந்து அவன் தமிழ் வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிறான்.

சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் இருபத்திரண்டு, இறுதியில் வருபவை இருபத்துநான்கு என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அதைப் பலகையில் எழுதிப் போட்டு ஒப்புவிக்கச் சொன்னால் தேர்வோடு போய்விடும். இந்த ஆட்டத்தைச் சில வாரங்கள் ஆடிய ஆறாம் வகுப்பு, நான் சொல்லாமலே ஒரு பட்டியல் வைத்திருந்தது: எதிராளியை மாட்டிவிட எந்தச் சொல் நல்லது என்ற பட்டியல். லை, ளை, ணை என்று முடியும் சொற்களைக் குவித்திருந்தார்கள். உடைத்தால் ஐ வரும், ஐ-யில் தொடங்கும் சொற்கள் கொஞ்சம்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இலக்கணம் பிள்ளையின் கையில் ஆயுதமாக மாறுகிற இடம் இது. அந்த இடம் வரும்வரை நாம் பொறுமையாக இருக்க வேண்டும், முந்திக்கொண்டு விளக்கக் கூடாது.

கட்டாயம் ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: ‘டீச்சர், லாரி இருக்குல்ல? ரயில் இருக்குல்ல?’ இருக்கிறது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வாசல் வழியாகப் போகிற லாரியை இல்லை என்று சொல்ல முடியாது. பலகையின் ஓரத்தில் கோடு கிழித்து ‘விருந்தினர்’ என்று எழுதி, அவற்றை அங்கே உட்கார வைப்பேன். அந்தச் சொற்களுக்குப் பாதி மதிப்பெண். அம்மாக்கள் மலையிலிருந்து கொண்டுவரும் மலையாளச் சொற்களுக்கும் அதே வரிசை. பிறகு ஒருநாள் யாராவது, பெரியவர்கள் ஏன் இராமன் என்றும் இலட்சுமி என்றும் அரங்கன் என்றும் எழுதுகிறார்கள் என்று கேட்பார்கள். விருந்தினரை வீட்டுக்குள் அழைக்கத் தமிழ் தன் உயிரெழுத்தை முன்னால் அனுப்புகிறது என்று அப்போது சொன்னால் போதும். கேள்வி வரும் முன் சொன்னால் அது வீண்.

பொருட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2007-இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது அட்டைகள் பள்ளிக்கே வந்தன. நல்ல அட்டைகள். ஆனாலும் நம் வகுப்புக்கு வேண்டியதை நாமே வெட்டத்தான் வேண்டும். தினசரி காலண்டரின் பின்னட்டைதான் சிறந்தது. வளையாது, நனைந்தாலும் சீக்கிரம் ஊறாது. இனிப்புப் பெட்டி அட்டை மெலிசு, வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் எழுதிய எழுத்து தெரியும், கெட்டிக்காரப் பிள்ளை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடும். அதைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து மைதா பசையால் ஒட்டி, மேலே அம்மிக்கல்லை வைத்து ஓர் இரவு விடுங்கள். நிழலில் காய வேண்டும், வெயிலில் போட்டால் கூன் விழும். மூலைகளை உருட்டி வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் பிரியும்.

எழுத்து அட்டைகளில் 247-ஐயும் செய்து குவிக்க வேண்டாம். பாடநூலில் ஒரு பக்கத்தை எடுத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். க, த, ப, ம வரிசைகளும் புள்ளி எழுத்துகளும் திரும்பத் திரும்ப வரும், ங வரிசையில் ங் தவிர வேறொன்றும் தென்படாது. துணைக்குறிகளைத் தனித் துண்டாக வெட்டுவது இன்னும் நல்லது. கால், கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியே. கொ வேண்டுமென்றால் பிள்ளை இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் வைத்தாக வேண்டும். கெ, கே, கொ, கோ மாறி மாறி எழுதும் பிள்ளைக்கு நோட்டில் எத்தனை முறை திருத்தியும் வராத வித்தியாசம், ஒற்றைக் கொம்பு இது, இரட்டைக் கொம்பு இது என்று கையில் எடுத்து வைக்கும்போது வந்துவிடுகிறது.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. ஜூன் தொடங்கினால் மேற்கே மலை இடைவெளியில் இறங்கி வரும் காற்று ஆடி முடியும்வரை நிற்காது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் எங்கள் தாழ்வாரத்திலும் அடிக்கிறது. அட்டையைப் பரப்பினால் அடுத்த தெருவில் பொறுக்க வேண்டும். அந்த மாதங்களுக்கு ஓட்டுச் சில்லுகள் வைத்திருக்கிறேன். உடைந்த நாட்டு ஓட்டைத் தரையில் தேய்த்து வட்டமாக்கி, பெயிண்டால் எழுத்து எழுதியவை. ஓரம் கையைக் கீறாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கொடுத்தால், தேய்க்கும்போதே எழுத்தைச் சொல்லிக்கொண்டு தேய்ப்பார்கள்.

லகர, ளகர, ழகரம் எங்கள் பக்கத்தில் கடினம். பேச்சில் ழ அனேகமாக ள-வாகிவிடும். வாழை சூழ்ந்த ஊரில் வாழைப்பழம் என்று சரியாகச் சொல்லும் பிள்ளை அபூர்வம். நாக்கைச் சுருட்டு, மடக்கு என்று சொல்லிப் பயனில்லை. இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு நிற்க வைப்பேன். ஒருத்தி கையில் இருக்கும் சொல்லைச் சொல்வாள்: மழை. மற்றவள் முன்னால் மலை, மழை என்று இரண்டு படங்கள். சரியாக எடுத்தால் மதிப்பெண் இருவருக்கும், தவறினால் இழப்பும் இருவருக்கும். முதுகு காட்டி நிற்பது ஏன் என்றால், முகம் பார்த்து நின்றால் சொல்கிறவள் கையாலும் கண்ணாலும் மழையைக் காட்டிவிடுவாள். காது மட்டும் வேலை செய்ய வேண்டும். தோழி எடுத்தது தவறாகிவிட்டால், தன் உச்சரிப்பு சரியில்லை என்று சொன்னவளுக்குத் தானே தெரிந்துவிடும். நான் திருத்த வேண்டியதே இல்லை. அவர்களே ஓரமாகப் போய்ப் பழகிக்கொண்டு வருவார்கள். விலை, விளை என்ற சோடிக்கு வாக்கியம் கொடுத்தது என் வீட்டுக்காரர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த சமயம், பந்தலுக்குக் கீழே நின்று சொன்னார்: ‘விளைஞ்சது சரி, விலை எங்கே?’ அதை அப்படியே அட்டையில் எழுதிவிட்டேன். திராட்சைக்காரர் பிள்ளைகள் அந்த வாக்கியத்தில் ஒருபோதும் தவறுவதில்லை.

வீடுதான் என் பட்டறை. எந்த ஆட்டமும் முதலில் எங்கள் திண்ணையில் ஆடித் தேறிய பிறகே பள்ளிக்குப் போகும். தேர்வாளர் என் மாமியார். அத்தை பள்ளிக்கூடம் போனவரல்லர். ஆனால் தாயத்திலும் பல்லாங்குழியிலும் அவரை ஜெயிக்க எங்கள் தெருவில் ஆளில்லை. புளியங்கொட்டையை ஒருபக்கம் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவார். எத்தனை விழ வேண்டும் என்று உருட்டும் முன்னே சொல்லிவிடுவார். நான் புது ஆட்டத்தை விளக்கும்போது கொஞ்சம் நீண்டால், ‘ஏத்தா, ஆடுறதுக்கு முந்தியே இவ்வளவு படிக்கணுமா?’ என்று எழுந்துவிடுவார். அந்த ஆட்டத்தை அன்றே திரும்ப எடுத்துவிடுவேன். தாயத்தை விளக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதற்கு மேல் எந்த ஆட்டமும் விளக்கம் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் வேறு வகை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொண்டிருப்பார், கடைசியில் ஒரு விதியைச் சுட்டி, ‘இத வெட்டிவிட்டா என்ன ஆகும்?’ என்பார். கவாத்து வெட்டுகிறவருடைய கண். பழைய கொடியை விட்டுவைத்தால் கொத்து எடுக்காது, அதைப் போலவே ஆட்டத்திலும் தேவையில்லாத விதி இருந்தால் காய்க்காது. பெரும்பாலும் அவர் காட்டிய விதியை எடுத்துவிட்டுத்தான் ஆட்டம் நன்றாக ஓடியிருக்கிறது. மகளும் மகனும் ஏமாற்றிப் பார்க்கிற வேலையைச் செய்வார்கள். விதியில் ஓட்டை இருந்தால் மகன் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவான். பள்ளியில் நாற்பது பேர் கண்டுபிடிப்பதை விட வீட்டில் ஒருவன் கண்டுபிடிப்பது நல்லது.

விடுகதை அத்தையிடமிருந்துதான் வகுப்புக்கு வந்தது. தொல்காப்பியம் பிசி என்று இதற்கு ஓர் இடமே ஒதுக்கியிருக்கிறது. அத்தைக்கு அது தெரியாது, ஆனால் விடுகதையின் கட்டுமானம் தெரியும். பழைய விடுகதைகளைக் கேட்டு விடை சொல்வது பாதி வேலை. பிள்ளைகளே செய்ய வேண்டும். முதலில் எழுதித் தருவது எப்படி இருக்கும் என்றால்: மஞ்சளாக இருக்கும், நீளமாக இருக்கும், குரங்கு தின்னும். எல்லோரும் ஒரே மூச்சில் வாழைப்பழம் என்பார்கள். நிறத்தை எடு, உருவத்தை எடு, அது என்ன செய்கிறது என்று மட்டும் சொல் என்பேன். வாழைத்தோட்டத்துப் பையன் ஒருவன் யோசித்து எழுதி வந்தான்: ஒரு முறைதான் ஈன்றாள், ஈன்றதும் வெட்டினார்கள், பிள்ளை பக்கத்திலேயே நின்று பார்க்கிறது. வகுப்பு திகைத்தது. தார் வெட்டியதும் தாய் மரத்தைச் சாய்த்துப் பக்கக்கன்றை விடுவதை வாரம் தவறாமல் பார்க்கிற பிள்ளைகள்தான், ஆனாலும் விடை வரச் சிறிது நேரம் பிடித்தது.

விடுகதையில் பொய் இருக்கக் கூடாது, உண்மை ஒன்றோடொன்று முரண்படுவது போலத் தெரிய வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, செய்து செய்துதான் வரும். யாரோடும் பேசாத ஒரு சிறுமி எங்கள் வகுப்பில் இருந்தாள். அவளிடம் உன் அம்மா போகிற இடத்தைப் பற்றி ஒரு விடுகதை கொண்டு வா என்றேன். சில நாள் கழித்து நோட்டைத் தள்ளினாள். ஆளை விட உயரம் செடி, அதன் காயோ காலடியில். ஏலக்காய். ஏலம் தரையை ஒட்டிய சரத்தில் காய்ப்பதை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறாள். அதை வாய்விட்டுச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. வகுப்பே கேட்டது. விடை தெரிந்தவள் அவள் ஒருத்தி என்பதால் சொல்லத்தான் வேண்டியிருந்தது. பேசாத பிள்ளையைப் பேசு என்று கேட்காதீர்கள். மற்றவர்களுக்குத் தேவைப்படுகிற ஒன்றை அதன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

ஏழு, எட்டாம் வகுப்புக்கு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று புள்ளி. இதில் நான் சேர்த்தது ஒரே விதி. காயில் கை வைக்கும் முன் காரணம் சொல்ல வேண்டும், அது ‘ஏனென்றால்’, ‘ஆகவே’, ‘ஆனாலும்’ ஆகிய மூன்றில் ஒன்றாவது உள்ள முழு வாக்கியமாக இருக்க வேண்டும். வாக்கியம் நொண்டினால் முறை போய்விடும். ஆட்டுப் பக்கம் மூன்று பேர் கூடிப் பேசித்தான் நகர்த்த வேண்டும். கட்டுரையில் ‘மேலும்’, ‘மேலும்’ என்றே எழுதிக்கொண்டிருந்த கைகள், ஒரு பருவம் இதை ஆடிய பிறகு காரணத்தோடு எழுத ஆரம்பித்தன.

இப்போது கையில் இருப்பது ஒற்று ஆட்டம். வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும்தான் பிள்ளைகளுக்கும் சரி, ஆசிரியர்களுக்கும் சரி, தொல்லை தருகிற பகுதி. இரண்டு சொல் அட்டைகள், நடுவில் வைக்கவோ வைக்காமல் விடவோ க், ச், த், ப் எழுதிய குச்சிகள். ‘வேலை’, ‘கொடு’ என்ற அட்டைகளைப் போட்டுவிட்டு, ஒருவன் பிழைப்புக் கேட்டு வந்திருக்கிறான் என்பேன். குச்சி வைக்கக் கூடாது. முருகன் போருக்குப் புறப்படுகிறான் என்பேன். குச்சி வைத்தாக வேண்டும், வேலைக் கொடு. கதையைக் கேட்டு ஒற்றைத் தீர்மானிக்கிற இந்தப் பகுதி பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இப்படி இரு பொருள் தரும் சோடிகள் அதிகம் கிடைப்பதில்லை, ஆட்டம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அதனால் கடைத்தெருவுக்குப் போகிற பிள்ளைகளைப் பெயர்ப்பலகை பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன். துணிக்கடை எங்கே, துணி கடை எங்கே என்று குறித்து வருகிறார்கள். காணாமல் போன ஒற்றுகளின் பட்டியல் நோட்டில் நீண்டுகொண்டே போகிறது. பட்டியலை எப்படி ஆட்டமாக்குவது, இதில் யார் எதனால் தோற்பது என்பது இன்னும் பிடிபடவில்லை. அத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, குச்சிகளைத் தாயம் மாதிரி உருட்டிப் போடச் சொல்லியிருக்கிறார். விழுந்த ஒற்றுக்குப் பொருந்தும் சொல் சோடியைப் பிள்ளை தேட வேண்டும். அது நடக்கும் போலிருக்கிறது. ஆடிப் பார்க்க வருகிறவர்கள் பழைய காலண்டர் அட்டை இரண்டைக் கையோடு கொண்டு வாருங்கள், குச்சிக்கு அட்டை போதவில்லை.